இரவல் தினவு

மேடைக்குப் பின்னால் இருந்த அறை முழுக்கப் பழுப்புச் சாயத்தின் வாடை. தரையில் பழைய நாளிதழ்களை விரித்துப் போட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பார்க்கப் போயிருந்த பையனுக்கு 23 வயது. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவன் தண்ணீர் குடிக்கவில்லை. பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயை நனைத்துக்கொண்டு, அதை அப்படியே வாளியில் துப்பினான். உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டிக் கண்கள் உள்ளே போயிருந்தன. “பசிக்குதா தம்பி?” என்று கேட்டேன். “பசி மூணு நாளைக்கு முன்னாடியே போயிடுச்சு மாமா. தூக்கம்தான் வரமாட்டேங்குது” என்றான்.

அவன் பெயரை அழைத்தார்கள். மேடைக்கு மூன்றே படிகள். இரண்டாம் படியில் நின்று, சுவரில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். மூன்றாம் படியைக் கடந்து விளக்குகளுக்குக் கீழே போனதும் அவன் வேறு ஆள். தோள் விரிந்தது. வயிற்றுத் தசைகள் பாத்தி கட்டியதுபோலப் பிரிந்து நின்றன. தொடையில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. கூட்டம் விசிலடித்தது.

பையனின் தாய்மாமனும் நானும் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அன்று இருவரும் சேர்ந்துதான் அந்த மண்டபத்துக்குப் போனோம். அவன் மட்டும் உள்ளே வரவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில், கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு, கடைசிவரை வெளியிலேயே நின்றிருந்தான். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மேடையில் நின்றவன் அவன்.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இந்தப் போட்டிக்கு ஆணழகன் போட்டி என்று பெயர். ஆங்கிலப் பெயர் உடம்பைக் கட்டுவதை மட்டும் சொல்கிறது. நம் பெயர் ஆண்மையையும் அழகையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் பலத்தைச் சொல்ல இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு: தினவு. தினவு என்றால் அரிப்பு, நமைச்சல். போருக்குக் காத்திருக்கும் வீரனின் தோளைத் தினவெடுத்த தோள் என்றார்கள். பலம் என்பது உள்ளே ஊறி, வெளியேற வழி தேடி நமைப்பது என்று அந்தச் சொல்லைப் பேசியவர்கள் தங்கள் உடம்பிலேயே கண்டிருக்க வேண்டும்.

இரண்டாம் படியில் சுவரைப் பிடித்து நின்ற அந்தப் பையனின் தோளில் தினவு இருந்ததா? அன்றிரவிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

*

ஆரோக்கியமான ஓர் ஆணின் விரைகள் ஒரு நாளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் 5 முதல் 7 மில்லிகிராம். இரண்டு மூன்று கடுகின் எடை. குரல் உடைவது, மீசை அரும்புவது, எலும்பு தடிப்பது, தசை திரள்வது, விந்தணு விளைவது எல்லாவற்றிலும் இந்தக் கடுகளவுக்குப் பங்கு உண்டு. பெண்களின் உடம்பிலும் இது சுரக்கிறது, அளவு குறைவு, அவ்வளவுதான். ஆய்வுக்கூடத் தாளில் ஆண்களுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 300 முதல் 1000 நானோகிராம் வரை என்று ஏறத்தாழ அச்சிட்டிருப்பார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. விடியலில் ஏறும், மாலையில் இறங்கும். அதனால்தான் காலையில் வந்து இரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த எண்ணை இன்று இளைஞர்கள் பரீட்சை மதிப்பெண்போலப் பேசுகிறார்கள். 400 வந்தவன் முகம் வாடுகிறான், 800 வந்தவன் கைபேசியில் எல்லோருக்கும் காட்டுகிறான். அந்த எல்லைக்குள் இருக்கும் இருவரில் எண் கூடியவனுக்குத்தான் தோள் அகலும் என்று எந்த விதியும் கிடையாது. எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது அதைக் காக்கும் ஏற்பாடு. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் விட்டு விட்டுத் தூது அனுப்புகிறது. அதைக் கேட்டுப் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு ஆணை இடுகிறது. விரை சுரக்கிறது. இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்ததும் மூளை அதை உணர்ந்து தூதை நிறுத்திக்கொள்கிறது. வீட்டு மாடியில் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்துவதுபோல.

லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் எந்நேரமும் வழிய வழிய ஊற்றிக்கொண்டிருந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. ஓடாத மோட்டார் துருப்பிடித்து இறுகும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனோ அதன் உறவுக்கார ஸ்டீராய்டுகளோ உள்ளே போகும்போது நடப்பது இதுதான். தூது நிற்கிறது. ஆணை நிற்கிறது. விரை சுருங்குகிறது. விந்தணு விளைவதற்கு விரைக்குள்ளேயே ஊறும் டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். இரத்தத்தில் எவ்வளவு வழிந்தாலும் அந்த வயலுக்கு அது பாயாது.

1990-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று வெளியானது. பல நாடுகளில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். நோக்கம் ஆண்களுக்கான கருத்தடை. பெரும்பாலானவர்களின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போயிற்று. நிறுத்திய பிறகு மெல்லத் திரும்பியது. ஆண்மைக்காக ஜிம்முக்குள் போட்டுக்கொள்ளும் அதே மருந்தை, ஆய்வாளர்கள் கருத்தடைக்காகப் பரிசோதித்திருக்கிறார்கள். இந்தச் செய்தி நம் ஜிம்களின் சுவர்களில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டியது.

*

ஊசியால் பலம் தேடும் இந்த ஆசையின் வரலாறு நம் ஊருக்கு ஒரு சுற்று வழியில் உறவாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மொரீஷியஸ் தீவின் ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போனார்கள். போர்ட் லூயி நகரத்தின் கட்டடங்களில் அவர்கள் கைவேலை இருக்கிறது. அதே போர்ட் லூயியில் 1817-இல் பிறந்தவர் சார்ல் எதுவார் பிரவுன்-செகார். பின்னாளில் பாரிஸில் பெரும்பேர் பெற்ற உடலியல் அறிஞர். 1889 ஜூன் 1 அன்று, 72 வயதில், அறிஞர் அவை ஒன்றின் முன் எழுந்து நின்று, நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். மறுபடி பாரம் தூக்க முடிகிறது, படி ஏற முடிகிறது, நெடுநேரம் உழைக்க முடிகிறது என்றார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் அநேகமாகக் கரைவதில்லை. அவருடைய சாற்றில் பலன் தரும் அளவுக்கு அது இருந்திருக்க வழியில்லை என்று பிற்காலத்தில் கண்டார்கள். அந்தக் கிழவருக்குள் எழுந்தது நம்பிக்கையின் பலம். ஐந்தே ஆண்டுகளில் இறந்தும் போனார்.

நம் பக்கத்துச் சித்தர்களும் காயகற்பம் தேடியவர்கள்தான். முதுமையைத் தள்ளிவைக்கும் வேட்கை கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. ஆனால் சித்தர்கள் கற்பத்தோடு மூச்சையும் உணவையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே சொன்னார்கள். பாரிஸ் ஊசி அந்தச் சேர்க்கையைக் கழற்றிவிட்டது.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கர் குழுவினர் 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு பூட்டனாண்ட், ருசிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே கொழுப்புப் பொருளான கொலஸ்டிராலிலிருந்து அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1939-இன் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குப் போனது. காளைகளிடம் கையேந்தத் தேவையில்லை என்றானதும் மருந்து மலிந்தது. 1958-இல் சிபா நிறுவனத்தின் டயனபால் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அமெரிக்கப் பளுதூக்கும் அணியின் மருத்துவர் ஜான் சீக்லர் அதைத் தம் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வீரர்கள் அவர் சொன்ன அளவை மீறி விழுங்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அந்தச் செயலுக்காக அவர் மனம் நொந்தார். அந்த மாத்திரையின் செல்லப் பெயரை இன்று புதுச்சேரி ஜிம்மில் பத்தொன்பது வயதுப் பையன் சொல்கிறான்.

1958 என்ற ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 1951-இல் மனோதோஷ் ராய், 1952-இல் மனோகர் ஐச். இரண்டு வங்காளிகள் லண்டனில் நடந்த உலக ஆணழகன் போட்டிகளில் தத்தம் பிரிவில் பட்டம் வென்றார்கள். இருவரும் டயனபாலுக்கு முந்தியவர்கள். ஐச் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்ததால் சிறைக்குப் போனவர். சிறைக்குள்தான் அவருடைய பயிற்சி தீவிரமாயிற்று. உயரம் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. சோறு, பருப்பு, மீன், பால், பழம் என்று சாப்பிட்டவர். 2016-இல் இறக்கும்போது அவருக்கு 104 வயது. ஒருவருடைய ஆயுளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் அந்த உடம்பு அவருடையது, முழுக்க முழுக்க அவருடையது என்று நாம் சொல்ல முடிகிறது. அந்த நிம்மதி சாதாரணமானதில்லை.

*

புதுச்சேரிக்கு உடம்பைப் பற்றித் தனக்கென்று ஒரு நினைவு உண்டு. 1908-இல் பாரதி வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்தார். ஐயர் இந்த ஊர் இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் ஆயுதப் பயிற்சியும் கொடுத்தார். அவருக்கு உடம்பு நாட்டின் கருவி. பாரதியின் படங்களில் தெரிவது மெலிந்த உடம்புதான், என்றாலும் புதிய ஆத்திசூடியில் குழந்தைகளுக்கு அவர் இட்ட கட்டளைகளில் உடம்பைத் திடமாக்குவதும் ஒன்று. அரவிந்தர் வழி வேறு. அவர் உடம்பை ஆன்ம சாதனைக்கு வெளியே நிறுத்த மறுத்தார். 1949 பிப்ரவரியில் ஆசிரமம் உடற்கல்விக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியது. அவர் தம் கடைசிக் காலக் கட்டுரைகளை அதில்தான் எழுதினார். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 2 அன்று ஆசிரம மைதானத்தில் சிறுவரும் பெரியவருமாக நடத்தும் உடற்பயிற்சிக் காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

இந்த மூன்று பேரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் நினைப்பது வேறு சிலரையும் சேர்த்து. 1936 ஜூலை 30 அன்று இந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. அவர்கள் கேட்டது கூலி மட்டுமில்லை, ஓய்வும்தான். தறியின் முன் நின்று நின்று நைந்த உடம்பு, ஒரு நாளின் மிச்சத்தைத் தனக்கென்று கேட்டது.

பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த வரலாறு நெருக்கமானது. ஏனென்றால் தசை பாரம் தூக்கும்போது வளர்வதில்லை. தூக்கும்போது அதன் இழைகளுக்குச் சிறு சேதமும் களைப்பும்தான் மிஞ்சுகின்றன. வளர்ச்சி பிறகு வருகிறது, உண்டு உறங்கும் நேரத்தில். 2011-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் சிலரை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. ஓய்வு என்பது உழைப்பு இல்லாத வெற்றிடம் என்று நினைக்கிறோம். உடம்பு தன் வேலையைச் செய்யும் நேரம் அது.

எங்கள் தெருப் பையன்களின் கதைக்கு இங்கேதான் திரும்ப வேண்டும். அவர்களின் அப்பாக்களும் தாத்தாக்களும் உழைத்த ஆலைகள் மூடிவிட்டன. வார இறுதிகளில் வெளியூர்க் கூட்டம் வந்து நிரம்பும் இந்த ஊரில், அகன்ற தோளுக்கு ஒரு விலை உண்டு. மதுக்கூட வாசலில் பவுன்சர் வேலை, நிகழ்ச்சிகளுக்குக் காவல் வேலை, ஜிம்மில் பயிற்சியாளர் வேலை. பகலில் ஓரிடம், இரவில் ஓரிடம் என்று உழைக்கிறவனுக்கு எட்டு மணித் தூக்கம் எங்கே கிடைக்கும்? ஊசியின் உண்மையான கவர்ச்சி இங்கே இருக்கிறது. தூங்காத உடம்பையும் அது தேற்றிக் காட்டுகிறது. தாத்தாக்கள் உயிர் கொடுத்து வாங்கிய ஓய்வைப் பேரன்கள் ஊசிக்கு விற்கிறார்கள். அவர்களை ஏச எனக்கு வாய் வரவில்லை. விற்க வைத்த வாழ்க்கை அவர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை.

*

ஸ்டீராய்டு பலன் தராது, எல்லாம் வெறும் நீர்ச்சதை என்று பயமுறுத்திப் பிள்ளைகளைத் தடுக்கப் பார்க்கிறார்கள் சில பெரியவர்கள். அந்தப் பொய்யால்தான் பிள்ளைகள் அவர்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் நம்புவதில்லை. 1996-இல் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக அளந்தது. 43 ஆண்கள், நான்கு குழுக்கள், 10 வாரம். இரண்டு குழுக்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் மருந்து. உடம்பு தானாகச் சுரப்பதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. மற்ற இரண்டுக்கும் மருந்தில்லாத வெறும் ஊசி. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 6.1 கிலோ கூடியது. வெறும் ஊசி போட்டுக்கொண்டு பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.9 கிலோ. மருந்தை ஏற்றிக்கொண்டு பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்கு 3.2 கிலோ.

கடைசி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. பத்து வாரம் வியர்வை சிந்தியவனைவிட, சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு எடை கூடியிருக்கிறது. கல்லீரல் கெடும், இதயச் சுவர் தடிக்கும், நல்ல கொழுப்பு குறையும், இரத்தம் கெட்டியாகும் என்பதெல்லாம் உண்மை. டென்மார்க்கில் ஜிம்களில் சோதனை செய்து ஸ்டீராய்டு பிடிபட்ட 545 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதே வயதுடைய மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு விகிதம் மூன்று மடங்காக இருந்ததென 2019-இல் வெளியிட்டார்கள். இந்தச் சேதங்களுக்கெல்லாம் முன்பே நடந்துவிடும் சேதம் ஒன்று இருக்கிறது. உழைப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த பேச்சு அறுந்துபோகிறது.

பளுவைத் தூக்குகிறவனுக்குத் தெரியும். பத்தாவது தண்டாலில் நடுங்கிய கை மூன்று மாதம் கழித்து நாற்பதாவதில் நடுங்கும்போது, தன்னைப் பற்றி வேறு எவராலும் சொல்ல முடியாத ஒன்றை அவன் தெரிந்துகொள்கிறான். இது என் அளவு, நேற்று இதுவரை, இன்று இதுவரை. ஊசி போட்டவனுக்கு அந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. கூடியதில் எது தன்னுடையது என்று அவனுக்கே தெரியாது. ஊசியை நிறுத்தினால்தான் தெரியும். நிறுத்த அவனுக்குப் பயம்.

ஊக்கமருந்து என்ற சொல்லைத் தமிழ் நாளிதழ்கள் பழக்கிவிட்டன. வள்ளுவர் ஊக்கமுடைமையை 60-ஆம் அதிகாரத்திலும் மருந்தை 95-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். ஊக்கம் உள்ளத்தின் உடைமை, பிறர் தர முடியாதது. மருந்து அதிகாரத்தைத் திறந்தால் அவர் பேசுவது பெரும்பாலும் சோற்றைப் பற்றி: உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றி. முப்பத்தைந்து அதிகாரத் தொலைவில் இருந்த இரண்டு சொற்களை நாம் ஒன்றாக ஒட்டிவிட்டோம். ஒட்டியதில் இரண்டுமே பொருள் இழந்தன.

டெஸ்டோஸ்டிரோன் மருந்தாகவும் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. விரைகள் சுரக்காத நோயாளிக்கும், திருநம்பியாகத் தன் உடம்பைக் கண்டடைகிறவருக்கும் மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அது வாழ்வு தருகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்வது அதனால்தான். சீட்டில்லாமல் பையன்களின் கைக்கு வந்து சேர்வதில்தான் கேடு.

*

பையனின் தாய்மாமனான என் நண்பனுக்கு முதல் ஊசி 26 வயதில். ஜிம்மில் மூத்தவர் ஒருவர் சொன்னாராம், “ஒரே ஒரு சைக்கிள் போடு, அப்புறம் நேச்சுரலா மெயின்டைன் பண்ணிக்கலாம்.” சைக்கிள் என்றால் ஊசிகளின் ஒரு சுற்று. 12 வாரத்தில் 68 கிலோ 79 ஆனது. மேடை ஏறினான். கோப்பை வாங்கினான். நிறுத்தியதும் எடை மட்டும் இறங்கவில்லை. விடிந்தும் எழ மனம் இல்லாமல் படுத்துக் கிடந்தான். கல்யாண வீடுகளுக்கு வர மறுத்தான். அதனால் இன்னொரு சைக்கிள். பிறகு இன்னொன்று.

30 வயதில் கல்யாணம். இரண்டு ஆண்டுகள் குழந்தை இல்லை. நம் வீடுகளில் இதற்குப் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள். அரச மரத்தைச் சுற்றினாள். ஸ்கேன் எடுத்தாள், மாத்திரை விழுங்கினாள், மாமியாரின் பெருமூச்சைத் தினமும் கேட்டாள். கடைசியாகத்தான் ஒரு மருத்துவர் அவனைச் சோதிக்கச் சொன்னார். விந்தில் ஓர் அணுவும் இல்லை. “ஊசி ஏதாவது போட்டிருக்கீங்களா?” என்று மருத்துவர் கேட்டபோது, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “இல்லை” என்றான். எந்த ஆண்மைக்காக ஊசி போட்டானோ அந்த ஆண்மைக்கு உண்மை சொல்லும் தெம்புகூட மிஞ்சவில்லை. அன்று மாலை கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பின்னால் பாறைகளின் மேல் உட்கார்ந்து என்னிடம் சொன்னான். அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான். மறுநாள் மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடையது.

ஊசியை நிறுத்திய பிறகு எடுத்த முதல் சோதனையில் அவன் எண் 61. மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: தூது மறுபடி தொடங்க வேண்டும், நாளாகும், பலருக்குத் திரும்புகிறது, காத்திருங்கள்.

அக்கா மகன் ஜிம்முக்குப் போகத் தொடங்கியபோது நண்பன் கேட்டது ஒரே சத்தியம்தான்: ஊசி தொடக்கூடாது. பையன் அதைக் காப்பாற்றினான். அவனுக்கான சாப்பாட்டுக் கணக்கை நானும் உட்கார்ந்து போட்டேன். 70 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 112 கிராம் புரதம் போதும். 4 முட்டையில் 24. குபேர் மார்க்கெட்டில் வாங்கும் மத்தி மீன் 200 கிராமில் 40. அரை லிட்டர் பாலில் 16. 50 கிராம் வேர்க்கடலையில் 12. 50 கிராம் பருப்பில் 12. 300 கிராம் அரிசியை வடித்த சோற்றில் 20. மொத்தம் 124. டப்பா மாவு எதுவும் இல்லை. மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டாம் என்றும் அவன் அம்மாவிடம் சொன்னேன். முட்டைப் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு அதில்தான் இருக்கிறது. உடம்பு டெஸ்டோஸ்டிரோனை நெய்வது கொலஸ்டிரால் என்னும் நூலிலிருந்து. அந்த நூலையும் மஞ்சள் கரு கொஞ்சம் தருகிறது.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்வரை. பிறகு கட்டிங் என்றார்கள். சோறு குறைந்தது, எண்ணெய் போயிற்று, கடைசியில் உப்பும் போயிற்று. ஊசி இல்லாமல் போட்டிக்குத் தயாராகும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஓர் ஆண்டு முழுக்க ஒரே வீரரைத் தொடர்ந்து அளந்த ஆய்வொன்று 2013-இல் வெளியானது. தயாரிப்பு தொடங்கியபோது அவருடைய டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 922 நானோகிராம். தயாரிப்புக் காலத்தில் 227 வரை இறங்கியது. வயதான பலருக்கே இதைவிடக் கூடுதலாக இருக்கும். போட்டி முடிந்து வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் பழைய அளவுக்கே திரும்பியது. பசித்த உடம்பு பிள்ளை பெறுவதைப் பற்றியும் தோள் தட்டுவதைப் பற்றியும் யோசிப்பதில்லை. உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்றே அதற்கு அப்போது வேலை.

எனவே ஆணழகன் மேடையில் விளக்கு எரியும் அந்தக் கணத்தில் நிற்பவர்கள் இரண்டு வகை. ஊசி போட்டவனின் இரத்தத்தில் ஆண் சுரப்பு வெள்ளமாக ஓடுகிறது, ஆனால் அதில் ஒரு துளிகூட அவன் உடம்பு சுரந்ததாக இருக்காது. ஊசி போடாதவனின் சுரப்பு அவனுடையதுதான், ஆனால் வற்றிய கிணற்றின் அடித்தண்ணீர். ஆணழகன் என்று நாம் முடிசூட்டும் நேரத்தில் இருவருமே தங்கள் ஆண்மையிலிருந்து வெகுதூரத்தில் நிற்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது உச்சம், உள்ளே நடப்பது பஞ்சம். இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவருக்குச் சோறு வடிக்கிறது. பசியைப் பிணியென்று கண்டு அஞ்சிய மண்ணில், பசியை அழகென்று கைதட்டக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

போட்டிகளை மூடிவிடச் சொல்ல நான் வரவில்லை. பல ஆண்டு ஒழுக்கத்தை ஓர் இரவு ஊர் கூடி வியப்பதில் தவறு காண என்னால் முடியாது. அந்த இரவின் உடம்பை ஆண்டு முழுவதற்குமான உடம்பு என்று நம்பி, மறுநாள் கண்ணாடியில் அதைக் காணாமல் ஊசிக்குப் போகும் பிள்ளைகளைத்தான் நினைக்கிறேன். ஜிம் நடத்தும் மாஸ்டர்கள் அவர்களிடம் இந்த உண்மையைச் சொல்லிவிட்டால் போதும்: சுவரொட்டியில் இருப்பவன் அந்த நேரத்தில் படி ஏற முடியாமல் இருந்தான் என்று.

*

பையனுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. கோப்பையோடு வெளியே வந்தவனிடம் மாமன் கோப்பையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து நீட்டினான். “மெதுவா. மெதுவாக் குடி” என்றான். பையன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். சாயம் பூசிய தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது.

அவனை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கடற்கரைப் பக்கம் வந்தோம். விடிய இன்னும் நேரம் இருந்தது. வைத்திக்குப்பத்தில் படகுகளைத் தள்ளுவதற்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எவர் தோளுக்கும் எவரும் மதிப்பெண் போட்டதில்லை. நண்பன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஊசி நிறுத்திப் பதினாலு மாதம் ஆகிறது. தெரு விளக்கில் படித்தேன். 412. குழந்தையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இப்ப என்ன வெயிட்டுடா தூக்கற?” என்றேன்.

“முன்ன தூக்கினதுல பாதிகூட இல்ல” என்றான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையால் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “ஆனா காலைல எழுந்தா, ஏதாவது தூக்கணும்போல தோள் அரிக்குதுடா. இந்த ரெண்டு வாரமாத்தான்.”